கெமிஸ்ட்ரி சாரின் கைரேகை

மீன்பிடி ரீலைக் கழற்றி, உள்ளே இருக்கும் கியரையும் பேரிங்கையும் எதில் கழுவுவது என்று கேட்டால் பதினோராம் வகுப்பு மாணவனே பதில் சொல்லிவிடுவான். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெய் இனத்துத் திரவம் கரைக்கும், உப்பைத் தண்ணீர் கரைக்கும். வருடா வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளத்துப் பாறைகளிலும் முட்டுக்காட்டுக் கழிமுகத்திலும் கொடுவாய்க்குத் தூண்டில் போடுகிறவன். என் ரீல்களையும் என்னை நம்பிக் கொடுத்தவர்களின் ரீல்களையும் நான் கழுவிய லட்சணத்தை இங்கே எழுதி வைக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

கடலோரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ரீல் எப்படிக் கெடும் என்று தெரியும். அலை தெறிப்பில் வரும் உப்பும், பொடி மணலும், பழைய கிரீஸும் சேர்ந்து கியர்ப் பல்லிடுக்கில் சாம்பல் நிறக் குழம்பாகிவிடும். முதலில் தூண்டில் நரம்பு ஓடும் லைன் ரோலர் கீச்சிடும், பிறகு பேரிங் கரகரக்கும், பிறகு கைப்பிடி கல்லில் அரைபடுவதாகச் சுற்றும். முறையான சர்வீஸ் செய்பவர்கள் எங்கள் பக்கம் குறைவு. எனவே, ‘கெமிஸ்ட்ரி சார் பார்த்துக்குவார்’ என்று ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. நான் காசு வாங்கியதில்லை. “சார் கை பட்டா ரீல் புதுசாயிடும்” என்பதை வாங்கிக்கொண்டேன். அதற்கு அடிமையாகவே ஆகியிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

ஆரம்பத்தில் பெட்ரோல். பங்கில் பாட்டிலில் ஊற்றித் தர மாட்டார்கள் என்பதால், பழைய பைக்கின் கார்புரேட்டரிலிருந்து குழாயை உருவி ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்துக்கொள்வேன். இடம், சமையலறையை ஒட்டிய பால்கனி. கெட்டிப்பட்ட கிரீஸ் கரைந்து கிண்ணத்தின் அடியில் கறுப்பாக இறங்குவதும், அரை நிமிடத்தில் பித்தளைப் பினியன் பல்சக்கரம் மஞ்சளாக வெளியே வருவதும் பார்க்கச் சுகம். அந்த வேகம்தான் என்னைக் கெடுத்தது.

பெட்ரோலின் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. சென்னையின் மார்கழி விடியலில்கூட அது தீப்பொறிக்கு வேண்டிய ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தவழ்ந்து கதவிடுக்கில் நுழையும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். 100 மில்லி பெட்ரோல் முழுதும் ஆவியானால் சுமார் 20 லிட்டர் ஆவி வரும். ஆயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்றைக் கொளுத்தக்கூடியதாக்க அது தாராளம். இதே கணக்கை மோல் பாடத்தில் பையன்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். என் கிண்ணத்துக்கு மூன்றடி தள்ளிக் கேஸ் அடுப்பு இருந்தது. அதற்கும் அந்தப் பக்கம், சாயங்காலம் ஏற்றும் காமாட்சி விளக்கு.

வாசனை வந்ததும் என் மனைவி அடுப்பையும் விளக்கையும் அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“ஒரு கிண்ணம் பெட்ரோல்தானே” என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரிச் சோறு வெகுநேரம் தள்ளிப் போனது. அதன்பிறகு நான் செய்துகொண்ட திருத்தம், அவள் ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்துக் கழுவுவது.

தீயை விடுங்கள். நம் ஊர்ப் பெட்ரோலில் ஒரு சதவீதம் வரை பென்சீன் இருக்க அனுமதி உண்டு. புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. மூச்சிலும் போகும், வெறும் கையிலும் ஊறும். நான் வெறும் கையில்தான் கழுவினேன். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். என்ஜினில் எரிவதற்காகச் செய்த சரக்கு பெட்ரோல். ரீல் கழுவ அதைவிட மட்டமான திரவத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, அத்தனை ஆபத்துக்கும் பலனாக ரீலாவது நன்றாக இருந்ததா? அதுவும் இல்லை. கிரீஸ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சோப்புக்குள் பிடித்து வைத்த எண்ணெய். லித்தியம் சோப்புத்தான் பரவலாக இருப்பது. பெட்ரோல் எண்ணெயைக் கொண்டுபோய்விடும், சோப்பு வெளிறிய பொருக்காகப் பல்லிடுக்கில் தங்கிவிடும். தேய்த்தால்தான் போகும். நான் தேய்க்கவில்லை. உப்பின் கதை இதைவிட மோசம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கிறது. தெறித்துக் காய்ந்த அந்த உப்பு பெட்ரோலில் கரையவே கரையாது. பழைய கிரீஸ் அழுக்காக இருந்தாலும் உலோகத்துக்கு ஒரு போர்வையாக இருந்தது. நான் போர்வையை உருவிவிட்டு உப்பை உள்ளேயே விட்டேன். அதன் பலனாக, நான் கழுவிய ரீல்கள் கழுவாதவற்றைவிடச் சீக்கிரம் துருப்பிடித்தன. “இப்போ வர்ற பேரிங்கே மட்டம்” என்று தயாரிப்பாளரைத் திட்டினேன். கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். வாத்தியார் சொல்கிறாரே.

கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வேகமாக ஆவியாகும் எந்தத் திரவமும் போகிற போக்கில் உலோகத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த உலோகத்தின்மேல் நம் காற்றின் ஈரம் மெல்லிய படலமாகப் படியும். கழுவி வைத்த ஸ்டீல் தண்டு ஒரு நொடி மங்கித் தெளிவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ‘காய்ந்துவிட்டது’ என்று நாம் நினைக்கும் அந்தக் கணத்தில் அது நனைந்திருக்கிறது. உடனே எண்ணெய் இட வேண்டும். நான் ராத்திரி கழுவி, காலையில் எண்ணெய் இடுகிற ரகம்.

பிறகு சானிடைசர். கொரோனாக் காலத்தில் வாங்கிக் குவித்தது வீட்டில் மிஞ்சிக் கிடந்தது. ஆல்கஹால்தானே, பேரிங்குக்கு நல்லது என்று முடிவு கட்டினேன். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரண்டு செய்முறைகளில் ஒன்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம், கிளிசரால் 1.45, ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125, மீதி தண்ணீர். கிருமியைக் கொல்ல ஆல்கஹாலோடு தண்ணீரும் வேண்டும். கை காயாமலிருக்கக் கிளிசரால் வேண்டும். பேரிங்குக்கு அந்த இரண்டுமே ஆகாது. ரீல் பேரிங் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்று அட்டையில் போட்டிருப்பார்கள். உருண்டைகள் தேயாமலிருக்கக் கடினப்படுத்திய எஃகு அது, நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் அளவுக்குத் துருவைத் தாங்காது. நான் கழுவி வைத்தவற்றில் செம்புள்ளிகள் பூத்தன. பாட்டிலின் முதுகில் எல்லாச் சேர்மானமும் அச்சிட்டிருந்தது. மாணவன் சோதனைக் குழாயில் லேபிள் படிக்காமல் ஊற்றினால் அவனை வெளியே நிறுத்துகிறவன் நான்.

இதுவரை சொன்னதெல்லாம் என் சோம்பேறித்தனம். இனிச் சொல்லப் போவதற்குச் சோம்பேறித்தனம் என்ற பெயர் போதாது.

எங்கள் கூட்டத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். என்னைவிட வயதில் மூத்தவர், இருந்தாலும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். போனஸ் பணத்தைச் சேர்த்து வைத்து ஜப்பான் கம்பெனி பெயிட்காஸ்டர் ரீல் ஒன்று வாங்கியிருந்தார். அதன் பக்கமூடியில் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் சின்ன டயல், டயலைச் சுற்றி அச்சிட்ட எண்கள். நரம்பு சுற்றிய ஸ்பூல் முன்னைப்போல் ஓடவில்லை என்று கொண்டுவந்து கொடுத்தார்.

“நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியாரு சார். உங்க கையில குடுத்தா எனக்கு நிம்மதி.”

அப்போது என் கையில் அசிடோன் இருந்தது. பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தது. (பிறகு என் காசில் புதுப் பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். இருப்புப் பதிவேட்டில் இரண்டையும் எழுதவில்லை.) அசிடோன் ஒரு வகையில் அருமையான திரவம். மிச்சம் வைக்காமல் ஆவியாகும், தண்ணீரோடும் கலக்கும், எண்ணெயையும் கரைக்கும். ஆனால், ஏ.பி.எஸ், பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளை அது சும்மா விடாது. முப்பரிமாண அச்சு எடுப்பவர்கள் ஏ.பி.எஸ் பொம்மைகளின் மேற்பரப்பை வழவழப்பாக்க அசிடோன் ஆவியைத்தான் காட்டுகிறார்கள். மேற்பரப்பை இளக்குவதுதான் அதன் வேலை. ரீலில் இருக்கும் நைலான் பாகங்களோ அசெட்டல் பல்சக்கரமோ அசிடோனுக்கு அசையாமல் நிற்கும். எது எந்தப் பிளாஸ்டிக் என்று ரீலில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை. தெரியாத பிளாஸ்டிக்கின் அருகே அசிடோனைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பேரிங், பினியன், தண்டு எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டேன். டயலைத் தனியே எடுத்து வைக்கச் சோம்பல், அதையும் உள்ளே தள்ளினேன். கையில் நைட்ரைல் உறை போட்டிருந்தேன். பெட்ரோல், மண்ணெண்ணெய்க்கு நைட்ரைல் ஓரளவு தாங்கும். அசிடோனில் அது சில நிமிடங்களில் ஊதி, தளர்ந்து, கிழிந்துவிடும். கிழிந்தது. அப்போதாவது யோசித்திருக்கலாம். உறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையால் டயலை எடுத்தேன். எண்கள் இல்லை. விளிம்பு இளகியிருந்தது. துடைத்து, உலரவிட்டு, வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் என் கட்டைவிரல் ரேகை, ஆதார் மையத்தில்கூட அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். ரேகை போய், அந்த இடத்தில் கோடு கோடாகச் சொரசொரப்பு வந்தது. ஓரத்தில் பாதி ரேகை அப்படியே நின்றுவிட்டது.

ரீலைத் திருப்பிக் கொடுத்த அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன சார், நம்பரெல்லாம் காணோம்?”

“உப்புத் தண்ணிண்ணே. உள்ளயே அரிச்சிருந்தது. தொட்டதும் பெயிண்ட் உரிஞ்சு வந்துடுச்சு.”

“இது என்ன கோடு?”

“வெயில்ல வெச்சிருப்பீங்க. பிளாஸ்டிக் இளகியிருக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடமே மன்னிப்புக் கேட்கிற குரலில், “ஆமா சார், வண்டி டேங்க் மேல வெச்சிட்டுப் போயிருப்பேன். தப்பு என்னுதுதான்” என்றார். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அதன்பிறகு அவர் அந்த ரீலுக்கென்று ஒரு துணிப்பை தைத்து எடுத்துவந்தார். பாறையில் நிற்கும்போதும் வெயில் படாமல் துண்டைப் போட்டு மூடி வைப்பார். புதிதாக வருகிற பையன்களுக்கு, “வெயில்ல வெக்காதடா, சார் சொல்லியிருக்காரு, பிளாஸ்டிக் இளகிடும்” என்று பாடம் எடுப்பார். நான் பக்கத்தில் நின்று தூண்டில் முள்ளில் இறால் கோத்துக்கொண்டிருப்பேன். சில வாரம் கழித்துப் பக்கமூடியில், திருகு இறங்கும் இடத்தைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. இதற்கும் எனக்குக் காரணம் தெரியும். இறுக்கத்தில் இருக்கும் சில பிளாஸ்டிக்குகளில் இந்த மாதிரித் திரவம் பட்டால், பாதிப்பு உடனே தெரியாது, இறுக்கம் இருக்கும் இடத்திலிருந்து மெதுவாக வெடிக்கத் தொடங்கும். மூடியை நான் அசிடோன் நனைத்த துணியால் துடைத்திருந்தேன். “கீழ போட்டுட்டேனோ என்னவோ சார்” என்றார். நானும் “இருக்கும்ணே” என்றேன்.

அதற்குப் பிறகு அசிடோனை நிறுத்தினேன். புத்தி வந்து நிறுத்தவில்லை. பயத்தில் நிறுத்தினேன், அடுத்ததாக யாருடைய ரீலில் என் ரேகை விழுமோ என்று. அந்த இடத்தைப் பிரேக் கிளீனர் பிடித்துக்கொண்டது. தெரிந்த மெக்கானிக் ஒரு கேன் கொடுத்தார். இதில் குளோரின் சேர்மங்கள் கொண்ட வகையும் உண்டு, இல்லாத வகையும் உண்டு. முதல் வகை எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் சூடான உலோகமோ தீயோ பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அதில் இருக்கும் பெர்குளோரோஎத்திலீனை வீட்டு உபயோகப் பொருட்களிலிருந்து விலக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. இரண்டாவது வகையில் ஹெக்சேன் இருப்பதுண்டு. அதை நாள்தோறும் சுவாசித்த வாகன மெக்கானிக்குகளுக்குக் கைகால் நரம்பு மரத்துப்போன கதைகள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தேன், வாசனை வெளியே போய் மனைவிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று. தலை வலித்தது. காபி குடித்தேன்.

கடைசியில் வந்து சேர்ந்த இடம் மண்ணெண்ணெய். எங்கள் அப்பா காலத்து சைக்கிள் செயினுக்கு அதுதான். மற்றவற்றோடு ஒப்பிட்டால் மண்ணெண்ணெய் மோசமில்லை என்பது என் கருத்து. மெதுவாக ஆவியாகும், ரீலின் பெரும்பாலான பிளாஸ்டிக்குகளை ஒன்றும் செய்யாது. ஆனால், ‘மண்ணெண்ணெய் சட்டென்று பற்றாது’ என்பது நிழலில்தான் உண்மை. இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி அதன் தீப்பற்று நிலை குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் மொட்டை மாடி அதைத் தாண்டிவிடும். நான் மொட்டை மாடியில், வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்குக் கழுவினேன். கேட்டால், ‘சீக்கிரம் காயும்’.

கழுவிய கறுப்பு மண்ணெண்ணெயை என்ன செய்தேன்? மாடியின் மழைநீர்க் குழாயில் ஊற்றினேன். அந்தக் குழாய் தெருவோர வடிகாலில் சேரும், வடிகால் பக்கிங்காம் கால்வாயில் சேரும், தென் சென்னைப் பக்கத்தில் அந்தக் கால்வாய் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் வந்து விழும். நான் கொடுவாய் பிடிக்கிற அதே தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்கள் கையால் அள்ளியெடுத்த நாட்களில் நான் கொதித்துப்போய்ப் பேசியவன். வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி, எண்ணெய்ப் படலம் தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவதை எப்படித் தடுக்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். அந்த டிசம்பர் விடுமுறையிலேயே குழாயில் இன்னொரு கிண்ணம் போயிற்று. அளவு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண்ணூரில் ஊற்றியவர்களும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது எப்படிக் கழுவுகிறேன் என்று சொல்லாவிட்டால் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும், பழைய டூத் பிரஷும். உப்பு அங்கேயே போய்விடும், அழுக்கில் பெரும்பகுதியும் போய்விடும். வாஷிங் சோடா, அடுப்புக் கரி நீக்கும் காரம் எதுவும் கூடாது, அலுமினிய ஸ்பூலின் மேல்பூச்சை அவை அரித்துவிடும். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் விளக்குக்குத் தேய்க்கிற புளியே போதும். தேய்த்த கையோடு நன்றாக அலசிவிட வேண்டும், அலுமினியத்தின்மேல் படவிடக் கூடாது. இதற்குமேலும் மிஞ்சுகிற கெட்டி கிரீஸுக்கு மட்டும் பெயிண்ட் கடை மினரல் டர்பன்டைன், அதுவும் உலோகப் பாகங்களுக்குத்தான். கடையில் ‘தின்னர்’ என்று கேட்டுவிடாதீர்கள். என்.சி. தின்னரை எடுத்துக் கொடுப்பார்கள், பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும் சரக்கு அது. ஊறுகாய் பாட்டில் ஒன்றில் கொஞ்சமாக ஊற்றி, பாகத்தைப் போட்டு மூடிக் குலுக்கினால் போதும், கிண்ணம் நிறைய வேண்டியதில்லை. காலை நேரம், நிழல், காற்றோட்டம், அடுப்பும் விளக்கும் சுவிட்சும் இல்லாத இடம். பேரிங்குக்கு மட்டும் கடைசியாக 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓர் அலசல். அதுவும் 12 டிகிரியிலேயே தீப்பற்ற வல்லது என்பதை மறக்கக் கூடாது. கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டிக்குள் ஆல்கஹாலையோ பெட்ரோலையோ நேரடியாக ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சுடுகிற, மின்சாரத்தில் ஓடுகிற பாத்திரம் அது, தண்ணீரும் சோப்பும் தவிர வேறெதற்கும் ஆகாது. பேரிங் உலர்ந்ததும், ஒரு நிமிடம்கூடத் தள்ளாமல், ஒரு சொட்டு எண்ணெய். எண்ணெய் இல்லாத பேரிங் விரலால் தட்டினால் வெகுநேரம் சுற்றும், அதைப் படம் பிடித்துக் காட்டிப் பெருமைப்படுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு அது ஊளையிடும். டிராக் (drag) அமைப்பில் இருக்கும் ஃபெல்ட் வாஷரை எந்தத் திரவத்திலும் போடுவதில்லை. அதில் ஊறியிருக்கும் கிரீஸ்தான் மீன் இழுக்கும்போது நரம்பைச் சீராக விடுகிறது.

அழுக்கான டர்பன்டைனைப் பாட்டிலிலேயே அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். கசடு மூடிய டின்னில் மரத்தூளோடு சேர்கிறது. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் இத்தகையவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று தனியே பிரிக்கச் சொல்லின. பிரித்து வைத்திருக்கிறேன். குழாயில் மட்டும் ஊற்றுவதில்லை.

அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். முட்டுக்காட்டில், மீன் கடிக்காத ஒரு காலையில். மூன்றாவது ஆள் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னேன், அந்த அளவுக்குத்தான் எனக்குத் துணிவு இருந்தது. அசிடோன், டயல், ரேகை, எல்லாம். அவர் துணிப்பையிலிருந்து ரீலை எடுத்து, ஓரத்தில் மிஞ்சியிருந்த அந்தப் பாதி ரேகையை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“இந்த ரீல நான் ஒருநாள்கூட வெயில்ல வெச்சதில்ல சார்” என்றார். “நீங்க சொன்னதும், வெச்சிருப்பேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

நான் பாகத்துக்குக் காசு தருகிறேன் என்றேன். கடைகளில் விசாரித்திருந்தேன், அந்த மாடலுக்கு இப்போது டயல் கிடைப்பதில்லை, வேறு ரீலே வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பக்கத்துப் பாறையில்தான் நிற்கிறோம், இறாலைப் பகிர்ந்துகொள்கிறோம். ரீலை மட்டும் அவரே கழுவிக்கொள்கிறார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மினரல் டர்பன்டைனுக்கு மாறிய புதிதில் அதை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பால்கனி மூலையில் வைத்திருந்தேன். பார்வைக்குத் தண்ணீரேதான், நிறமே இல்லை. கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், இரண்டாம் வகுப்புப் பையன், விளையாடிவிட்டு வந்த வேகத்தில் அதை எடுத்து மூடியைத் திறந்தான். வாயருகே கொண்டுபோனவன் வாசனை பிடித்து முகத்தைச் சுளித்து, “மாமா, இந்தத் தண்ணி நாறுது” என்று கீழே வைத்தான். மண்ணெண்ணெய், டர்பன்டைன் வகைத் திரவங்கள் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் பெரிய எமன். ஒரு வாய் புரையேறினால் போதும், நுரையீரல் வெந்து நிமோனியாவாகும். குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைத்தால் மறுபடியும் புரையேறும், அதனால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குளிர்பான பாட்டிலிலும் தண்ணீர் பாட்டிலிலும் வைத்த மண்ணெண்ணெயால் நம் ஊரில் போன குழந்தைகள் எத்தனையோ. ஆய்வகப் பாதுகாப்பு என்று வருடத்தின் முதல் வகுப்பில் நான் சொல்கிற முதல் விதி, லேபிள் இல்லாத பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதே என்பது.

பையனுக்குச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அக்கா உள்ளே மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், அவள் காதில் எதுவும் விழவில்லை. நானும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. இப்போது எல்லாம் கடையில் வாங்கிய டின்னிலேயே, பெயர் எழுதி, இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறது. வருகிற மே மாதம் அவர்கள் மறுபடி வருகிறார்கள். பால்கனியில் எதற்குடா பூட்டுப் போட்ட பெட்டி என்று அக்கா கட்டாயம் கேட்பாள். எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை அவள்.